அமைச்சர் கண்ணை மூடினார்

"உந்த மனுசன் நித்திரை கொள்ளுறான்!"

பேரின்பநாயகம் பல்லைக் கடித்தார். முன்வரிசையில், கழுத்தில் மாலையும் இடுப்பில் சாரம் போன்றதொரு துணியுமாக, பசிபிக் தீவு நாடொன்றின் அமைச்சர் டெவீட்டா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மேடையில் ஆடிக்கொண்டிருந்தது பேரின்பநாயகத்தின் மகள் நிலக்ஷி.

இத்தாலியின் பலெர்மோத் தமிழரின் வாணி விழாவுக்கு இதுவரை எந்த நாட்டு அமைச்சரும் வந்ததில்லை. இவர் கடல் மாநாட்டுக்கு வந்து, பேரின்பநாயகம் வேலை செய்யும் ஹோட்டலில் தங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் கோப்பி ஊற்றும்போது பேரின்பநாயகம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். மனிதர் உடனே தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து விழாத் தலைவரின் கால் தரையில் படவில்லை.

அறிமுக உரையிலும் தலைவர் வெளுத்து வாங்கினார்.

"பள்ளிக்கூட வாத்தியாராத் துவங்கினவர். எலெக்சனில ரெண்டு தரம் தோத்து, மூண்டாந் தரம் வெண்டவர். மீன்பிடி அமைச்சர், சுகாதார அமைச்சர், இப்ப கடலால இடம்பெயருற சனத்துக்கெண்டே ஒரு அமைச்சர்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அப்படிப்பட்ட ஆள்தான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். மாதக்கணக்காகப் பிள்ளை பாடுபட்டது இதற்குத்தானா? பேரின்பநாயகம் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வுச்சீரியாச் சந்தைப் பக்கமிருந்து கடற்காற்று ஜன்னல் வழியே வந்து விளக்குகளை அசைத்தது. மண்டபமே மெதுவாக மிதப்பது போலிருந்தது. சலங்கை ஏறியது, இறங்கியது. மூடிய கண்களோடு அமைச்சர் மட்டும் எங்கோ தூரத்தில் யாரையோ கண்டதுபோல் சிரித்தார்.

ஆட்டம் முடிந்தது. அமைச்சர் கண்ணைத் திறந்தபோது அது நனைந்திருந்தது. நிலக்ஷியை அருகே கூப்பிட்டு, ஆங்கிலத்தில் நெடுநேரம் ஏதோ சொன்னார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும் வராததுமாக, பேரின்பநாயகம் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவாம்? நித்திரை கொண்டதுக்கு மன்னிப்புக் கேட்டவரோ?"

"மா நோ, அப்பா!" நிலக்ஷி இத்தாலியனில் மறுத்தாள். "நித்திரை இல்லை. அவையின்ர ஊரில இருட்டினாப் பிறகுதான் ஆடுவினமாம். விளக்கே கொளுத்தமாட்டினமாம். பாக்கிற ஆக்கள் கண்ணை மூடிக்கொண்டு காலடியைத்தான் கேப்பினமாம்."

"சும்மா கதை!"

"அந்த ஊர் இப்ப கடலுக்கை போயிட்டுதாம். கடைசிக் குடும்பத்தைப் படகில ஏத்தி விட்டதும் இவர்தானாம். 'உன்ர சலங்கையைக் கேட்டு இண்டைக்கு ஒருக்கா வீட்டை போயிட்டு வந்தன்' எண்டவர்."

மனிதரை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று பேரின்பநாயகத்துக்குக் கூசியது.

"இன்னொண்டும் சொன்னவர். 'தில்லானாவில உனக்குக் கால் பிசகினது. ஆனா நிக்காமல் திரும்பத் தாளத்தைப் பிடிச்சிட்டாய். எங்கட ஊரில அதுக்குத்தான் பெரிசாக் கை தட்டுவம்' எண்டு."

"பிசகினதோ?" பேரின்பநாயகம் திடுக்கிட்டார். "எப்ப? நான் காணேல்லையே!"

நிலக்ஷி குனிந்து சலங்கையை அவிழ்த்தாள்.

"எப்பிடிக் காணுவீங்கள் அப்பா? பிசகின உடனை பயத்தில உங்களைத்தான் பாத்தனான். நீங்கள் அவற்ற முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."