பொட்டலத்தின் பின்பக்கம்

விருத்தாசலத்தில் ரயில் நின்றபோது, எதிர் இருக்கைப் பெண் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினாள். பிரிக்காமல், பின்பக்கம் திருப்பி வாசித்தாள். "இதுல வேர்க்கடலை இருக்கு பாப்பா, வேணாம்." மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

பேராசிரியர் நப்பின்னை கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "பாப்பாவுக்கு ஒத்துக்காதாம்மா?"

"மூணு வயசுல தெரியாம ஒரு மிட்டாய் குடுத்துட்டேங்க. மூச்சே நின்னுபோச்சு. பொழச்சதே பெருசு. அப்பல்லாம் எதுலயும் எழுதியிருக்காது. இப்ப கொட்டை எழுத்துல போடுறாங்க. யார் புண்ணியமோ!"

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, பொட்டலத்தில் அந்த ஒரு வரி இருந்தே ஆக வேண்டும் என்பதை விதியாக்க நப்பின்னை பதினோரு வருடம் அரசுக் குழுக்களில் வாதாடியிருந்தார். "இதையெல்லாம் யாரு மேடம் படிக்கப்போறா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது சிரித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு, அது சரிதானோ என்று அவருக்கே தோன்றத் தொடங்கியிருந்தது.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா."

"எனக்கு எதுக்குங்க?"

"படிச்சதுக்கு."

அவள் புரியாமல் சிரித்தாள். நப்பின்னை பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துத் தாயிடம் காட்டினார். அவள் தலையசைத்ததும், உரித்து, சுளை சுளையாகக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார்.