பண்பொழி வழி

ஒரு விடுகதை. குற்றாலத்திலேயே பிறந்து வளர்ந்தவன் ஒருவன். அங்கிருந்து அவன் குத்துக்கல்வலசைக்கு வர வேண்டும். தென்காசியைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். நல்ல பைக் இருக்கிறது. பைக்கில் வழி சொல்லும் ஜிபிஎஸ் கருவியும் இருக்கிறது. இருந்தும் செங்கோட்டை, பண்பொழி, கடையநல்லூர் என்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வந்து சேருகிறான். ஏன்?

சாஜிதாவிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிடுவாள். "திமிரு."

அந்த ஒருவன் அஹ்சன். அவளுடைய பழைய கணவன். இப்போது மதுரையில் வேலை பார்க்கிறான்.

இருவரும் பிரிந்தபோது சாஜிதாவின் தாய்மாமா சேக் தாவூது ஓர் ஏற்பாடு செய்துவைத்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு அஹ்சன் வந்து மகள் அதீபாவை வண்டியில் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் குத்துக்கல்வலசையில் சாஜிதாவின் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும்.

இது மூன்றாவது மாதம். பாங்கு முடிந்து, தெருவிளக்கெல்லாம் எரிந்த பிறகுதான் வண்டி வந்து நின்றது. அப்பாவும் மகளும் சாரலில் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

சாஜிதா மகளை இழுத்து நிறுத்தித் தலையைத் துவட்டினாள்.

உள்ளே நாற்காலியில் சேக் தாவூது உட்கார்ந்திருந்தார். சாஜிதாதான் வரச் சொல்லியிருந்தாள். அஹ்சனோடு அவள் நேரே பேசுவதில்லை. மாமாவைப் பார்த்தே பேசினாள்.

"கேளுங்க மாமா. போன் அடிச்சா எடுக்கதில்ல. ரோடு பூரா பாரம் ஏத்துன லாரியா வருது. நான் வாசலுக்கும் ரோட்டுக்குமா நடக்கேன். பொறந்த ஊர்லேர்ந்து இங்கன வாரதுக்கு ஒரு மெஷின் வழி சொல்லணுமாக்கும்."

"அதான மாப்ள," என்றார் சேக் தாவூது. "அருவிக்கு வழி கேக்குத வெளியூர்க்காரன்கூட குளிச்சிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்."

அஹ்சன் பொறுமையாகச் சொன்னான். மழையில் போன் தாங்காது என்பதால் அதைத் தோள்பைக்குள் வைத்துவிடுகிறான். அவன் பைக்கிலேயே கேரளாவெல்லாம் சுற்றுகிறவன். மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால்தான் கடை கடையாக ஏறி, நனைந்தாலும் கெடாத, கையுறையோடு தொட்டாலும் கேட்கிற கருவியாகப் பார்த்து வாங்கியிருந்தான். அதில் இரண்டு விதமாக வழி கேட்கலாம். ஒன்று, சீக்கிரம் போய்ச் சேரும் வழி. மற்றது, அவசரமில்லாமல் பைக் ஓட்டுகிறவர்களுக்கென்று வளைவுகளாகப் பார்த்துக் கொண்டுபோகும் சுற்றுவழி.

"இன்னைக்கு எது போட்டிருந்துச்சு?"

"சுத்துவழி மாமா."

"அது தானா மாறிக்கிடுமோ?"

"மாறாது."

"அப்ப யாரு மாத்துனா?"

அஹ்சன் மகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்," என்றான்.

"கேட்டீயளா மாமா," என்றாள் சாஜிதா. "வேணும்னே செய்யுதது." ஜெயித்துவிட்ட குரல் இல்லை அது. களைத்துப்போன குரல்.

சேக் தாவூது தாடியைத் தடவினார். அஹ்சன் பதில் சொன்ன விதம் அவருக்குச் சரியாகப் படவில்லை. அதீபாவைக் கூப்பிட்டார். அவள் உம்மாவின் பக்கத்திலிருந்து நகராமல் அங்கேயே நின்றாள்.

"புள்ள பொய் சொல்லாது. நீ சொல்லும்மா. வாப்பாதான் மாத்துனாரா? ஆமான்னா இனி வண்டி கிடையாது. நான் இருக்குத நேரம் பாத்து, இந்த வீட்டுல வந்து உன்னைப் பாத்துட்டுப் போகட்டும்."

அஹ்சன் தலையை நிமிர்த்தவில்லை. மாதத்தின் மற்ற நாட்களையெல்லாம் அந்த ஒரு ஞாயிறை நினைத்துத்தான் அவன் தள்ளிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். அஹ்சன் ரம்புட்டான் வாங்கக் கடைப்பக்கம் போன நேரம் பார்த்து, கருவியைத் தொட்டு வழியை மாற்றியது அதீபா. மூன்று மாதமும் அவள்தான். அஹ்சனுக்கு அது முதல் மாதமே தெரியும். வீட்டுக்கு வழியும் தெரியும். ஆனால் பின்னால் உட்கார்ந்து அவள் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தென்காசிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவனுக்குக் கை வரவில்லை. கருவி காட்டிய பக்கமே வண்டியைத் திருப்பினான்.

இன்று பண்பொழி தாண்டி மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அதீபா அழுதுகொண்டே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உம்மாவிடமும் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"வேண்டாம்மா," என்றான் அஹ்சன். "உனக்கு வீட்டுக்கு வர மனசு இல்லன்னு தெரிஞ்சா உம்மா தாங்கமாட்டா. அவளுக்கு உன்னைய விட்டா யாரு இருக்கா? நான் மாத்துனதாவே இருக்கட்டும்."

அதீபா வாப்பாவைப் பார்த்தாள். உம்மாவின் கை அவளுடைய ஈரத்தலையிலேயே இருந்தது.

"வாப்பாதான் மாத்துனாங்க," என்றாள் அதீபா.