ஸ்டியரிங்கின் நடுக்கம்

ஒரு பழைய காரில், வேகம் அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங்குக்கு உடம்பெல்லாம் நடுங்கும். "எல்லாம் இந்த இடது பக்க டயரால வந்த வினை" என்று ஹாரனிடம் அது புலம்பாத நாளில்லை. டயர் எதிர்த்துப் பேசவில்லை. "இருக்கும் அண்ணே, எனக்கும் வயசாச்சு" என்றது.

முதலாளி அதைக் கழற்றிப் பஞ்சர் கடையில் போட்டுவிட்டுப் புது டயர் மாட்டினார். நடுக்கம் போகவில்லை.

கடைசியில் மெக்கானிக் செல்லையா காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "பாவம், நல்ல டயரைத் தூக்கிப் போட்டுட்டீங்க. ஸ்டியரிங்கோட மூட்டுதான் தேஞ்சிருக்கு" என்றார். ஸ்டியரிங்கால் ஹாரன் முகத்தில் விழிக்க முடியவில்லை. மூட்டை மாற்றியதும் நடுக்கம் நின்றது.

திரும்பும் வழியில் காற்றடிக்க அதே பஞ்சர் கடையில் கார் நின்றது. வாசல் மரத்தில், வெள்ளைப் பெயிண்டில் 'பஞ்சர்' என்று எழுதிய அந்தப் பழைய டயர் தொங்கியது.

"அண்ணே, நடுக்கம் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுப்பா."

"அப்பாடா. என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்."

ஸ்டியரிங் உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் கார் கிளம்பி அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டது. திருப்பியதும் ஸ்டியரிங்தான்.