புகை விழும் முகம்

குழந்தைகளைப் பயமுறுத்தும் எதையும் அந்த மூக்குக்கண்ணாடி புகை போட்டு மறைத்துவிடும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைப் பழைய பேய்ப் படங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டிருந்தது. ஆதிரையின் பள்ளியில் அது கட்டாயம்.

அவள் அம்மா தேன்மொழிக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துப் போட்டபடி வந்தால், "அம்மா, உன் மூஞ்சியக் காணோம்" என்பாள் மகள். பெரிய குங்குமப் பொட்டுக்கும் புகை, வாய்விட்டுச் சிரித்தாலும் புகை. நாளடைவில் தேன்மொழி ஈரத்தோடே கொண்டை போடப் பழகிக்கொண்டாள். அப்பா சாப்பாட்டுத் தட்டை விசிறியடித்த அன்றுகூட அவர் முகம் பளிச்சென்றுதான் தெரிந்ததாம்.

ஆதிரையின் பிறந்தநாளுக்கு, அப்பாவின் அக்கா சஞ்சனா தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் டப்பாவோடு வந்தாள். சஞ்சனா திருநங்கை. ஆதிரை கண்ணாடி போட்ட பிறகு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"என் தங்கம் எங்க?"

குரலைக் கேட்டதும் ஆதிரை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, உங்க மூஞ்சி பூரா புகையா இருக்கு."

"கண்ணாடியக் கழட்டுடி!" தேன்மொழி பதறினாள். "அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க."

"கழட்டக் கூடாது, மிஸ் திட்டுவாங்க." ஆதிரை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கும் இப்படித்தான் வரும் அத்தை. கொண்டை போட்டா போயிடும்."

சஞ்சனா பின்னந்தலையைத் தொட்டாள். கொண்டை போட்டுத்தான் வந்திருந்தாள். அதை அவிழ்த்து, இன்னும் இறுக்கி முடிந்துகொண்டு குனிந்தாள்.

"இப்பத் தெரியுதா, தங்கம்?"