கடிகாரம் போட்ட விதி

சுவரின் தலைவர் பதவிக்கு இந்த முறையும் நிற்கப்போவதாக அறிவித்தது பழைய கடிகாரம்.

“தினமும் பத்து நிமிஷம் ஸ்லோவா ஓடுறீங்களே ஐயா, ஓய்வு எடுத்தா என்ன?” என்றது ஜனவரியில் வந்த காலண்டர்.

கடிகாரத்துக்குக் கோபம் வந்தது. “நேத்து வந்த உனக்கு ஓட்டே கிடையாது! எனக்கு முன்னாடி இந்தச் சுவருக்கு வந்தவங்கதான் ஓட்டுப் போடலாம்.”

அப்படி யாருமே இல்லை என்ற தைரியம் அதற்கு. பல்லி மட்டும் உச்சுக்கொட்டியது.

அப்போது கடிகாரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. “அப்போ எனக்கு ஓட்டு உண்டு, தம்பி.”

பேசியது, கடிகாரத்தை மாட்டியிருந்த ஆணி.

கடிகாரம் சட்டென்று குழைந்தது. “அண்ணே, உங்களை மறப்பேனா? உங்க ஓட்டு யாருக்குண்ணே?”

“அதை வெளியே சொல்லக் கூடாதுப்பா” என்ற ஆணி, மெதுவாக முன்பக்கம் சாய ஆரம்பித்தது.