குமிழ மரக் கட்டில்

கட்டில் ஏன் ஆடுகிறது என்று தச்சனுக்குப் பிடிபடவே இல்லை.

"புரண்டு படுத்தா அந்தப் பக்கத்துக் கால் ரெண்டும் எழும்பி டக்குனு இறங்குது தம்பி. மூணு மாசமாத் தூக்கமே இல்ல. சரி பண்ணு, இல்லன்னா யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டுத் தரையில படுத்துக்கிறேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் கல்யாணத்துக்குத் தன் கையால் செய்த கட்டில். யாருக்காவது என்றதும் அவன் பையைத் திறந்து அளவுகோலை எடுத்துவிட்டான்.

தேக்கில் செய்யட்டுமா என்றுதான் அன்று கேட்டான். "அவ கட்டிலை இழுத்துப் போட்டுப் பெருக்குறவடா, லேசா இருக்கட்டும்" என்றான் அண்ணன். அதனால் குமிழ மரம்.

குமிழைக் குறை சொல்ல முடியாது. லேசு, உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும், நன்றாகக் காய்ந்துவிட்டால் முறுக்காது, சுருங்காது.

அளந்தான். நான்கு கால்களும் ஒரே உயரம். ரசமட்டம் வைத்தான். தரை சரி. பொருத்துகள் எல்லாம் இறுக்கம்.

தானே ஏறி நடுவில் படுத்து உருண்டான். சத்தமே இல்லை.

"செஞ்சவன் படுத்தா மட்டும் சமத்தா இருக்கும்!"

"எப்பவும் படுக்கிற மாதிரி நீங்க படுங்க அண்ணி."

அவள் படுத்தாள். கதவுப் பக்கம், ஓரத்திலும் ஓரத்தில். மீதிக் கட்டில் முழுக்கக் காலி. அங்கே இன்னொரு தலையணை.

புரண்டாள். டக்.

விளங்கிவிட்டது. நடக்கும்போது இடிக்கக் கூடாதென்று கால்களை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்திருந்தான். ஓரத்தில் பாரம் விழுந்தால் மறுபக்கம் எழும்பும். தேக்காக இருந்தால் தன் கனத்தாலேயே ஊன்றி நின்றிருக்கும். குமிழுக்கு அந்தக் கனம் இல்லை.

ஒன்பது வருடம் அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தவன் அண்ணன். அவன் இறந்து மூன்று மாதம்.

நடுவில் படுங்கள் என்று சொன்னால் போதும். வேறு வேலையே இல்லை.

"நடுவுல..." என்று ஆரம்பித்தான். அவள் தலையணையை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல ஒரு ஆணி தளர்ந்திருக்கு அண்ணி."

அவள் கடைக்குப் போன நேரத்தில் அண்ணன் பக்கத்துச் சட்டத்துக்கு அடியில் நீளமான பலகைப் பெட்டி ஒன்றை முடுக்கி, அதற்குள் மணலை நிரப்பி மூடினான். இருபது கிலோ போதும் என்று அவனுக்குத் தெரியும். அறுபது கிலோ போட்டான். நல்லபடியாக இருந்தபோது அண்ணனின் எடை அது.

சாயங்காலம் அண்ணி ஓரத்திலேயே படுத்துப் புரண்டு பார்த்தாள்.

கட்டில் ஆடவில்லை.