முதல் கட்சிக்காரர்

விவாகரத்து வழக்குகள் நடத்தும் வக்கீலம்மாவுக்கு இணையதளம் அமைத்து, வாரம் ஒரு கட்டுரையும் எழுதிவந்தான் அவன். ஒரு கட்சிக்காரர்கூட வரவில்லை.

"தம்பி, சட்டப் பிரிவா எழுதினா யாரு படிப்பா? படிக்கிற பொம்பளைக்குச் சுருக்குன்னு தைக்கணும். இந்த மாசமும் யாரும் வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

'உங்கள் கணவர் இப்படியா?' என்று தலைப்பிட்டான். மனைவி பேசும்போது டிவி சத்தத்தைக் கூட்டுபவர், விருந்தாளிகள் முன்னால் அவளை மக்கு என்று சிரிப்பவர்... எழுத எழுதச் சரளமாக வந்தது.

மறுவாரமே வக்கீலம்மா அழைத்தார்.

"பின்னிட்டீங்க தம்பி! கட்டுரையைப் படிச்சிட்டு ஒரு பொண்ணு வந்துது. 'அச்சு அசல் என் புருஷன் மேடம்'னு ஒரே அழுகை."

"அப்போ வேலை எனக்குத்தானே மேடம்?"

"வேலையும் உங்களுக்குத்தான், நோட்டீஸும் உங்களுக்குத்தான். வீட்டுக்கு அனுப்பவா, ஆபீசுக்கா?"